பார் மிட்ஸ்வா விழாவைத் திட்டமிடல்: வாசிப்பும் விருந்தும்

முன்னுரை

ஒரு மக்களினம் தன் தொன்மொழியை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் வழிகள் பல. பள்ளி அவற்றுள் ஒன்று, வழிபாடு மற்றொன்று, குடும்பச் சடங்கு இன்னுமொன்று. இம்மூன்றும் ஒரே நாளில் ஒரே பிள்ளையிடம் வந்து கூடும் நிகழ்வு ஒன்று யூத மக்களிடையே உண்டு. 13 வயது நிறைந்த ஆண்பிள்ளைக்கு அது பார் மிட்ஸ்வா என்றும், 12 அல்லது 13 வயது நிறைந்த பெண்பிள்ளைக்குப் பாட் மிட்ஸ்வா என்றும் வழங்கப்படுகிறது.

திரைப்படங்களின் வழியாக மட்டும் இவ்விழாவை அறிந்தவர்களுக்கு நினைவில் நிற்பது விருந்தும் ஆடலுமே. அலங்கரிக்கப்பட்ட மண்டபம், நாற்காலியில் அமர்த்தித் தூக்கி ஆடப்படும் சிறுவன், அடுக்கடுக்கான பரிசுகள் ஆகியவை விழாவின் முகமாகக் காட்டப்படுகின்றன. ஆயினும், மரபைப் பின்பற்றித் திட்டமிடும் குடும்பம் முதலில் தேடுவது மண்டபத்தை அன்று; நாளை. நாள் உறுதியானவுடன் அந்நாளுக்குரிய பாடம் உறுதியாகிறது. பாடம் உறுதியானவுடன் ஆசிரியர் அமர்த்தப்படுகிறார். ஓராண்டுக்கு மேலும் நீளக்கூடிய பயிற்சி தொடங்குகிறது. விருந்தைப் பற்றிய முடிவுகள் அதன் பின்னரே வருகின்றன.

இக்கட்டுரை அவ்வரிசையையே தன் அமைப்பாகக் கொள்கிறது. விழாவின் பெயர், வரலாறு, நாள் குறிக்கும் முறை, பயிற்சி, பெண்பிள்ளைகளின் நிலை, விருந்து என்பவற்றை முறையே விளக்கி, இவ்வரிசை தலைகீழாகும்போது விழா இழப்பது யாது என்பதையும் ஆராய முற்படுகிறோம்.

பெயரும் பொருளும்

‘பார்’ என்பது மகனைக் குறிக்கும் அரமேயச் சொல். ‘பாட்’ என்பது மகளைக் குறிக்கும் எபிரேயச் சொல். ‘மிட்ஸ்வா’ என்பதற்கு இறைக்கட்டளை என்பது பொருள். எனவே இத்தொடர்களைக் கட்டளைக்குரிய மகன், கட்டளைக்குரிய மகள் எனத் தமிழில் விளக்கலாம். இங்கு நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இப்பெயர் முதற்கண் ஒரு சடங்கின் பெயரன்று. ஓர் ஆளின் நிலையைக் குறிக்கும் பெயராகும். சிறுவன் பார் மிட்ஸ்வா ‘செய்துகொள்வதில்லை’. அவன் பார் மிட்ஸ்வா ‘ஆகிறான்’.

யூதச் சட்ட மரபின்படி ஆண்பிள்ளை 13 வயதும் ஒரு நாளும், பெண்பிள்ளை 12 வயதும் ஒரு நாளும் நிறைந்தவுடன் சமயக் கடமைகளுக்குத் தாமே பொறுப்பேற்கின்றனர். மிஷ்னா என்னும் சட்டத்தொகுப்பின் ‘அவோத்’ பகுதி, வாழ்வின் பருவங்களைக் கல்வியோடு இணைத்து வரிசைப்படுத்துகிறது. மறைநூல் பயில 5 வயது, மிஷ்னா பயில 10, கட்டளைகளை மேற்கொள்ள 13, தால்மூத் பயில 15 என அவ்வரிசை அமைகிறது. கட்டளைக்குரிய வயது இரண்டு கல்விப் படிகளுக்கு நடுவில் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது.

இந்நிலை தானாகவே வந்தெய்துவது; எந்தச் சடங்கும் அதனை வழங்குவதில்லை. விழா எடுக்காத சிறுவனும் 13 வயது நிறைந்த மறுநாள் பார் மிட்ஸ்வாவே ஆவான். உபநயனத்தோடு இதனை ஒப்பிடுவோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடலாகாது. உபநயனத்தில் சடங்கே தகுதியைத் தருகிறது. இங்கோ தகுதி வந்துவிட்டதைச் சடங்கு ஊரறியச் செய்கிறது. அவ்வாறே, பாட் மிட்ஸ்வாவை நம்மிடையே நிகழும் பூப்புநீராட்டு விழாவோடு ஒன்றாகக் கருதுவதும் பொருந்தாது. பாட் மிட்ஸ்வாவிற்கு நாள் குறிக்கப் பயன்படுவது வயதுக் கணக்கு. அங்கே கொண்டாடப்படுவது கடமையேற்பு.

அவ்வாறாயின் விழா எதற்கு எனும் வினா எழுகிறது. வயது வந்தவருக்குரிய உரிமைகளுள் ஒன்று, தொழுகைக்கூடத்தில் தோரா (மோசேயின் ஐந்நூல்) வாசிக்கப்படும்போது மேடைக்கு அழைக்கப்படுவதாகும். அவ்வழைப்பை ‘அலியா’ (ஏறுதல்) என்பர். அவ்வுரிமையை முதன்முறை பயன்படுத்தும் நிகழ்வே விழாவின் கருவாகும். அன்று தந்தையும் ஒரு வாழ்த்தைக் கூறுகிறார். மகனுடைய செயல்களுக்கான பொறுப்பிலிருந்து தம்மை விடுவித்த இறைவனைப் போற்றுவதாக அது அமைகிறது. பொறுப்பு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாறுவது இவ்வாறு சபையின் முன் அறிவிக்கப்படுகிறது.

விழாவின் வரலாறு

விவிலியத்தில் இவ்விழாவைப் பற்றிய குறிப்பு இல்லை. தால்மூதிலும் வயதெல்லை பேசப்படுகிறதேயன்றி இன்றைய வடிவிலான விழா பேசப்படவில்லை. செருமானிய நிலப்பகுதிகளில் வாழ்ந்த அஷ்கெனாசி யூதர்களிடையே நடுக்காலத்தின் பிற்பகுதியில் இது படிப்படியாக உருவாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் போலந்தில் வாழ்ந்த சட்ட அறிஞர் சாலமன் லூரியா, அஷ்கெனாசியரின் பார் மிட்ஸ்வா விருந்தை ஆராய்ந்து எழுதியுள்ளார். அது வெறும் கேளிக்கையா, சமயக் கடமையைச் சார்ந்த விருந்தா என்பதே அவர்முன் இருந்த வினா. அதனைச் சமய விருந்தாக ஏற்கும் அவர், சிறுவன் அங்கே மறைப்பொருள் பற்றி உரை நிகழ்த்தும்போது அத்தகுதி மேலும் உறுதிப்படுவதாகக் கருதினார். விருந்திற்கும் கல்விக்கும் உள்ள உறவு இவ்விழாவின் தொடக்கக் காலத்திலேயே விவாதப் பொருளாகிவிட்டது என்பதை இதனால் அறிகிறோம்.

ஏமன் நாட்டு யூதர்களின் வழக்கம் இதனின்று வேறுபட்டது. அங்கே சிறுவர்கள் 13 வயதிற்கு வெகு முன்பே சபையில் தோரா வாசிக்கப் பழகிவிடுவர். ஆகவே 13ஆம் வயது முதல் வாசிப்பின் நாளாக அங்கே தனிச்சிறப்புப் பெறவில்லை. அன்றாடக் கல்வியே வாசிப்பை உறுதிசெய்த இடத்தில் தனியொரு விழாவின் தேவை குறைவாகவே இருந்தது எனலாம்.

19ஆம் நூற்றாண்டில் செருமனியில் எழுந்த சீர்திருத்த இயக்கத்தினர், 13 வயதுச் சிறுவனுக்குச் சமயப் பொருளை உணரும் முதிர்ச்சி இல்லை எனக் கருதினர். அவர்கள் பார் மிட்ஸ்வாவிற்கு மாற்றாக, பதின்ம வயதின் பிற்பகுதியில் ஆண் பெண் இருபாலாரும் குழுவாகக் கலந்துகொள்ளும் ‘உறுதியேற்பு’ச் சடங்கை அறிமுகப்படுத்தினர். ஆயினும் 20ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தச் சபைகளிலும் பார் மிட்ஸ்வா மீண்டும் இடம்பெற்றது.

நாள் குறித்தல்

திட்டமிடலின் முதற்படி பிள்ளையின் எபிரேயப் பிறந்தநாளைக் கண்டறிவதாகும். யூத நாட்காட்டி நிலவின் பிறையை மாதத்திற்கும் கதிரவனின் ஓட்டத்தை ஆண்டிற்கும் அளவாகக் கொண்டது. மாதங்கள் 29 அல்லது 30 நாள்களைக் கொண்டவை. நிலவாண்டு பருவங்களைவிட்டு விலகாதிருக்க, 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதம் மிகையாகச் சேர்க்கப்படுகிறது. அவ்வாண்டுகளில் ‘அதார்’ மாதம் இருமுறை வரும். சாதாரண ஆண்டின் அதார் மாதத்தில் பிறந்த சிறுவனின் 13ஆம் ஆண்டு நிறைவு மிகைமாத ஆண்டில் வருமாயின், இரண்டாம் அதாரிலேயே அவன் பார் மிட்ஸ்வா ஆகிறான் என்பது வழக்கு. மேலும், யூத நாள் முந்தைய மாலையிலேயே தொடங்குகிறது. திங்கட்கிழமை இரவு பிறந்த குழந்தை செவ்வாய்க்குரிய நாளில் பிறந்ததாகவே கணக்கிடப்படும். ஆகவே பிறந்த தேதியோடு பிறந்த நேரத்தையும் பெற்றோர் தர வேண்டியுள்ளது.

அடுத்து, விழா எக்கிழமையில் நிகழ வேண்டும் என்பது முடிவு செய்யப்படுகிறது. தோரா ஓய்வுநாளாகிய சனிக்கிழமையிலும், திங்கள், வியாழன் காலைகளிலும், மாதத் தொடக்க நாள்களிலும், திருநாள்களிலும் சபையில் வாசிக்கப்படுகிறது. பெரும்பாலோர் சனிக்கிழமைக் காலையைத் தேர்ந்தெடுப்பர். எனினும் கீழைநாட்டு யூதர் பலர் திங்கள் அல்லது வியாழக்கிழமையை விரும்புவதற்குத் தக்க காரணம் உண்டு. வயது வந்த ஆண் காலை வழிபாட்டில் நெற்றியிலும் கையிலும் அணியும் ‘தெபிலின்’ என்னும் தோற்பேழைகளுள் மறைமொழிகள் எழுதி வைக்கப்பட்டிருக்கும். ஓய்வுநாளில் அவற்றை அணிதல் இல்லை. சிறுவன் முதன்முதலாக அவற்றை அணிவதும் அலியா பெறுவதும் ஒரே வேளையில் நிகழ வேண்டுமாயின் வாரநாளே ஏற்றது. எருசலேமின் மேற்குச் சுவரருகே திங்கள், வியாழக்கிழமைகளில் பார் மிட்ஸ்வாக் கூட்டம் மிகுந்திருப்பதும் வாசிப்பு நாள்கள் அவை என்பதாலேயாகும்.

நாளைக் குறித்தவுடன் பாடமும் அமைந்துவிடுகிறது. தோரா 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வாரந்தோறும் தொடர்ச்சியாக வாசிக்கப்பட்டு, ஓராண்டில் முற்றுப்பெறுகிறது. ஆகவே பிள்ளை தனக்குப் பிடித்த பாடத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. பிறந்தநாளை ஒட்டிய பாடம் பிள்ளையிடம் வந்து சேர்கிறது. ‘நாசோ’ பகுதியில் 176 வசனங்கள் உள்ளன. ‘வயேலேக்’ பகுதியில் 30 மட்டுமே. ஒரு சிறுவனுக்குச் செங்கடல் பிளந்த வரலாறு வாய்க்கும். வேறொருவனுக்கு லேவியர் நூலின் ‘தஸ்ரியா’, ‘மெசோரா’ பகுதிகள் வாய்க்கும். அவை தோல்நோயையும் தூய்மைச் சடங்குகளையும் விரித்துரைப்பவை. இளவேனிலில் பிறந்த பிள்ளைகள் பலர் இப்பகுதியோடு மல்லாடுவதைக் காணலாம். ஆயினும், நோயுற்றவனைக் காண்பதற்குக் குருவே பாளையத்திற்கு வெளியே செல்ல வேண்டும் என அப்பகுதியில் வரும் விதியைப் பற்றிக்கொண்டு, விலக்கப்பட்டவரை மீண்டும் சமுதாயத்தில் சேர்ப்பது குறித்து ஒரு பிள்ளை சிந்திக்க இயலும். எளிதில் பொருள்படாத பாடத்தையும் தள்ளிவிடாமல் பொருள் காண முயல்வதே இப்பயிற்சியின் முதற்பயன் எனலாம்.

பாடமும் பயிற்சியும்

தோராச் சுருள் தோலில் கையால் எழுதப்பட்டது. அதில் 22 எபிரேய எழுத்துகள் மட்டுமே உள்ளன. உயிர்க்குறிகளும் இசைக்குறிகளும் வசன எண்களும் இல்லை. இந்நிலையைத் தமிழறிஞர்க்கு விளக்கப் பழைய ஓலைச்சுவடியே போதும். மெய்க்குப் புள்ளியின்றியும், எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடின்றியும் எழுதப்பட்ட ஏட்டைப் படிப்பவர், சொல்லை முன்னரே அறிந்திருந்தால்தான் சரியாகப் படிக்க இயலும். எபிரேயச் சுருளின் நிலையும் அத்தகையதே. எடுத்துக்காட்டாக, ஒரே மூன்றெழுத்துகள் ‘ஹலாவ்’ எனப் படிக்கப்பட்டால் பாலையும், ‘ஹேலெவ்’ எனப் படிக்கப்பட்டால் கொழுப்பையும் குறிக்கும். ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கலாகாது எனும் கட்டளையில் அச்சொல் பால் என்றே படிக்கப்பட வேண்டும் என்பதை உறுதிசெய்வது எழுத்தன்று, வாய்மொழி மரபாகும்.

கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் திபேரியா நகரின் மசோரெத்து அறிஞர்கள் இம்மரபைக் குறிகளால் பதிவுசெய்தனர். அக்குறிகள் நூல்களில் இடம்பெற்றனவேயன்றிச் சபையில் வாசிக்கும் சுருளில் இடம்பெறவில்லை. எனவே மாணவர் ‘திக்குன்’ எனப்படும் பயிற்சி நூலைப் பயன்படுத்துகின்றனர். அதன் ஒரு பத்தியில் உயிர்க்குறிகளும் இசைக்குறிகளும் கூடிய பாடம் இருக்கும். மறு பத்தியில் சுருளில் உள்ளவாறே குறிகளற்ற பாடம் இருக்கும். மாணவன் முதற்பத்தியில் கற்று, மறுபத்தியில் தன்னைச் சோதித்துக்கொள்கிறான். இசைக்குறிகள் இராகத்தை மட்டும் காட்டுவனவல்ல. எச்சொல்லோடு எச்சொல் இயைகிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அவை காட்டுகின்றன. தோராவிற்கு ஓர் இசைமுறையும், அதனையடுத்து இறைவாக்கினர் நூல்களிலிருந்து வாசிக்கப்படும் ‘ஹப்தாரா’விற்கு வேறோர் இசைமுறையும் உண்டு. அஷ்கெனாசியர், பாக்தாதியர், ஏமனியர் ஆகியோரின் இசைமுறைகளும் தம்முள் வேறுபடுவன. ஆகவே ஆசிரியரைத் தேடும் குடும்பம் தன் மரபறிந்த ஆசிரியரைத் தேட வேண்டியுள்ளது.

எவ்வளவு வாசிப்பது என்பதைப் பிள்ளையின் ஆற்றலறிந்து ஆசிரியர் முடிவு செய்கிறார். சிலர் வாரப்பகுதி முழுவதையும் வாசிப்பர். சிலர் இறுதிச் சில வசனங்களையும் ஹப்தாராவையும் வாசிப்பர். சிலர் மேடையேறி வாழ்த்துரைகளை மட்டும் கூறுவர். பயிற்சி பொதுவாக ஓராண்டளவு நீடிக்கிறது. தெபிலின் அணியும் பயிற்சி விழாவிற்குச் சில வாரங்கள் அல்லது மாதங்களுக்கு முன் தொடங்கும்.

வாசிக்கும் நாளில் சுருளை விரலால் தொடுவதில்லை. ‘யாத்’ எனப்படும் கைவடிவச் சுட்டுகோலால் வரியைத் தொடர்வர். மேடையில் இருபுறமும் பெரியவர் இருவர் நிற்பர். பொருள் மாறுமாறு பிள்ளை பிழையாகப் படித்தால் அங்கேயே திருத்துவர். பிள்ளை அச்சொல்லை மீண்டும் படிக்கும். பதற்றத்தில் திணறும் பிள்ளைக்கு அடுத்த சொல்லை மெல்ல எடுத்துக் கொடுப்பவரும் அவர்களே. பிழையைப் பொருட்படுத்தாது விடுவதும் இல்லை. பிழைக்காகப் பிள்ளையை இறக்கிவிடுவதும் இல்லை. மொழியாசிரியர் கருதத்தக்க வகுப்பறை நெறி ஒன்று இதில் அடங்கியுள்ளது.

ஆயினும் ஒரு குறைபாட்டை மறைக்கவியலாது. இசுரேலுக்கு வெளியே வளரும் பிள்ளைகள் பலருக்கு எபிரேயம் பேச்சுமொழி அன்று. அவர்களுள் சிலர் ஒலிப்பதிவைக் கேட்டு மனப்பாடம் செய்து, எழுத்தறிவே முழுமை பெறாத நிலையில் மேடையேறுகின்றனர். ஒலி வருகிறது, பொருள் வருவதில்லை. இதனை ஈடுசெய்வது ‘தெராஷா’ என்னும் உரையாகும். பிள்ளை, தான் வாசித்த பகுதியைப் பற்றித் தன் அன்றாட மொழியில் சபையின் முன் விளக்க வேண்டும். தனக்கு எழுந்த ஐயத்தையும் கூறலாம். தொன்மொழியில் வாசிப்பு, தன் மொழியில் விளக்கம் எனும் இவ்விரண்டும் சேர்ந்தே பயிற்சி நிறைவெய்துகிறது. பெற்றோரோ ஆசிரியரோ எழுதிக் கொடுத்த உரையைப் பிள்ளை ஒப்பிக்குமாயின் இரண்டாம் பாதியும் வெற்றொலியாகிவிடும்.

பெண்பிள்ளைகளின் நிலை

பெண்பிள்ளை 12 வயதில் கடமையேற்கிறாள் என்பது பழஞ்சட்டம். ஆயின் அவளுக்கெனப் பொதுவிழா நெடுங்காலம் இல்லை. பாக்தாத் நகரின் பெருஞ்சட்ட அறிஞர் யோசேப் ஹயீம் (1835–1909), தம் ‘பென் இஷ் ஹாய்’ நூலில், கடமையேற்கும் நாளில் சிறுமி புத்தாடை உடுத்தி, புதியன பெறும்போது கூறும் வாழ்த்தைக் கூறி, தன் கடமையேற்பையும் மனத்திற்கொள்ள வேண்டும் என வழிகாட்டினார். இது வீட்டளவில் நிகழும் மகிழ்ச்சி. எனினும் அந்நாளுக்கு ஒரு சிறப்பு உண்டு என்பதை ஏற்ற குரல்.

இச்செய்தி நம் வட்டாரத்தோடும் தொடர்புடையது. சிங்கப்பூரின் பழைய யூதக் குடிகளுள் பெரும்பாலோர் பாக்தாத்திலிருந்து, பலர் கல்கத்தா வழியாக, வந்தவர்களின் வழித்தோன்றல்கள் ஆவர். வாட்டர்லூ சாலையில் 1878இல் திறக்கப்பட்ட மாகேன் அபோத் தொழுகைக்கூடமும், 1905இல் மனாசே மேயர் எழுப்பிய செசட்-எல் தொழுகைக்கூடமும் அம்மரபின் சான்றுகள். சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் (1908–1995) அக்குடியில் தோன்றியவரே. ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயத்திற்குச் செல்லும் நம்மவர் நடந்து செல்லும் அதே சாலையில்தான் அத்தொழுகைக்கூடமும் நிற்கிறது.

பெண்பிள்ளையின் பொது வாசிப்பிற்கு முன்னோடியாகக் கருதப்படுவது 1922ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நியூயார்க்கில் நிகழ்ந்தது. ரப்பி மொர்தெகாய் கப்லான் தம் மூத்த மகள் சூடித் கப்லானைத் தாம் நிறுவிய சபையின் ஓய்வுநாள் வழிபாட்டில் வாசிக்க அழைத்தார். அவர் வாசித்தது சுருளிலிருந்து அன்று. தம் அச்சுநூலிலிருந்து, மேடைக்குக் கீழே நின்று வாசித்தார். அமெரிக்கப் பெண்களுக்கு நாடளாவிய வாக்குரிமை கிடைத்து அப்போது ஈராண்டுகள்கூட நிறையவில்லை. பிற்காலத்தில் அவர் யூத இசை அறிஞராக விளங்கினார். சுருளுக்கும் அச்சுநூலுக்கும், மேடைக்கும் தரைக்கும் இடையே இருந்த அச்சிறு தொலைவைக் கடக்கப் பின்வந்தோருக்குப் பல்லாண்டுகள் தேவைப்பட்டன. வழிபாட்டிற்குத் தேவையான பதின்மருள் பெண்களையும் எண்ணலாம் எனப் பழமைபேண் இயக்கத்தின் சட்டக்குழு 1973இல் ஏற்றது. இன்று சீர்திருத்த, பழமைபேண் சபைகளில் சிறுமியர் சிறுவரைப் போன்றே சுருளிலிருந்து வாசிக்கின்றனர். மரபுவழிச் சபைகள் பலவற்றில் சிறுமி ஒரு நூலைக் கற்று முடித்து உரை நிகழ்த்துவதும், மகளிர் மட்டும் கூடும் அவையில் வாசிப்பதும் வழக்கில் உள்ளன. ஆகவே பாட் மிட்ஸ்வாவைத் திட்டமிடும் குடும்பம், தன் சபை எதனை ஏற்கும் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டறிய வேண்டும்.

சபையும் விருந்தும்

சனிக்கிழமை வாசிப்பில் எழுவரும், இறுதியாக ஹப்தாரா வாசிப்பவரும் மேடைக்கு அழைக்கப்படுகின்றனர். இவ்வழைப்புகளைத் தாத்தா, மாமன், சிற்றப்பன் முதலிய உறவினருக்குப் பகிர்ந்தளிப்பது குடும்பத்தார் செய்யும் நுண்ணிய வேலைகளுள் ஒன்று. யாரை அழைப்பது, யாரை விடுவது என்பதில் மனத்தாங்கல் நேர்வது நம் திருமண வீடுகளில் மாலை மரியாதை பற்றி எழும் மனத்தாங்கலைப் போன்றதே. வாசிப்பு முடிந்ததும் சபையோர் பிள்ளையின் மீது மிட்டாய்களை எறிந்து வாழ்த்துவர். சிறுவர் ஓடி வந்து பொறுக்குவர். பின்னர் திராட்சை இரசத்தின் மீது வாழ்த்துரைத்துச் சிற்றுண்டி பகிரப்படும். பெரும்பாலான சபைகளில் இதனுடனேயே விழா நிறைவெய்தலாம்.

தனியாக விருந்து வைப்போர் பல விதிகளைக் கருத வேண்டும். உணவு ‘கோஷர்’ எனும் உணவுநெறிக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும். இறைச்சியும் பாலுணவும் ஒரே பந்தியில் இடம்பெறலாகாது. ஓய்வுநாளில் மரபுவழியினர் சமைப்பதில்லை, வண்டி ஓட்டுவதில்லை, ஒளிப்படம் எடுப்பதில்லை. ஆகவே இசையோடு கூடிய விருந்து சனிக்கிழமை விண்மீன்கள் தோன்றிய பின்னரோ, ஞாயிற்றுக்கிழமையிலோ நிகழும். தொலைவிலிருந்து வரும் உறவினருக்குத் தொழுகைக்கூடத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் தங்குமிடம் பார்த்து வைப்பதும் இதனாலேயே தேவைப்படுகிறது.

பரிசுப்பணத்தை 18, 36, 180 எனப் பதினெட்டின் மடங்குகளில் தருவது வழக்கம். எபிரேய எழுத்துகள் எண்களாகவும் பயன்படுவன. ‘ஹாய்’ (உயிர், வாழ்வு) என்னும் சொல்லின் ஈரெழுத்துகள் 8, 10 எனும் எண்களைக் குறிப்பதால் அதன் கூட்டுத்தொகை வாழ்வைக் குறிக்கும் வாழ்த்தாகிறது. அப்பணத்தில் ஒரு பகுதியை அறத்திற்கு ஒதுக்கப் பிள்ளையையே முடிவு செய்யச் சொல்வது பல குடும்பங்களின் நெறி. 1985இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘மாசோன்’ என்னும் பசிதீர்ப்பு அமைப்பு, இத்தகைய விழாக்களுக்கு ஆகும் செலவில் 3 விழுக்காட்டை ஏழையரின் உணவிற்குத் தருமாறு குடும்பங்களைக் கேட்டுக்கொண்டது. மகிழ்ச்சியை மறுக்காமல் அதற்கு ஓர் அளவுகோலை வைத்த ஏற்பாடு இது.

அளவு மீறும்போது நேர்வதைச் சமயத் தலைவர்கள் கடுமையாகவே சுட்டியுள்ளனர். 20ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த சட்ட அறிஞர்களுள் ஒருவரான ரப்பி மோசே பைன்ஸ்டைன் (1895–1986), தமக்கு ஆற்றல் இருந்தால் அமெரிக்காவில் பார் மிட்ஸ்வா விழாவையே நீக்கிவிடுவதாக எழுதினார். அவ்விழா எவரையும் மறைநெறிக்கு அருகில் கொண்டுவரவில்லை என்பது அவர் கூறிய காரணம். விழாவிற்காகவே கற்ற பிள்ளை விழா முடிந்ததும் கல்வியைக் கைவிடுவது கண்கூடு. 13 வயதில் தொடங்க வேண்டிய ஒன்று 13 வயதிலேயே முடிந்துவிடுகிறது. மண்டபத்தின் நாளுக்கேற்ப வாசிப்பைக் குறுக்குவதும், விருந்தின் செலவுக்கேற்ப ஆசிரியரின் காலத்தைக் குறைப்பதும் இம்முடிவிற்கே இட்டுச்செல்லும்.

எஞ்சி நிற்பது

விருந்து, மண்டபம், பரிசு ஆகிய அனைத்தையும் நீக்கிவிட்டால் இவ்விழாவில் எஞ்சுவது எது என்பதற்கு வரலாறே ஒரு விடை தந்துள்ளது. 1944ஆம் ஆண்டு, நாசிகளின் பெர்கன்-பெல்சன் முகாமில் யோவாகிம் சோசப் என்னும் சிறுவன் அடைக்கப்பட்டிருந்தான். அவனுக்கு 13 வயது ஆகவிருப்பதை அறிந்த நெதர்லாந்து ரப்பி சைமன் தாஸ்பெர்க், தாம் ஒளித்து வைத்திருந்த மிகச் சிறிய தோராச் சுருளைக் கொண்டு இரவு வேளைகளில் அவனுக்கு வாசிப்பு கற்பித்தார். ஒரு நாள் விடியலுக்கு முன், கொட்டடியின் சன்னல்கள் போர்வைகளால் மறைக்கப்பட்டன; மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிறுவன் வாசித்தான். அதன் பின்னர் ரப்பி அச்சுருளை அவனிடமே கொடுத்து, உயிர் பிழைத்தால் இங்கு நடந்ததை உலகிற்குச் சொல்ல வேண்டும் எனக் கேட்டுக்கொண்டார். ரப்பி முகாமிலிருந்து மீளவில்லை, சிறுவன் மீண்டான்.

அச்சிறுவன் இசுரேலில் இயற்பியல் அறிஞரானார். இசுரேலின் முதல் விண்வெளி வீரர் இலான் ரமோன் கொலம்பியா விண்ணோடத்தில் செய்த ஆய்விற்கு அவர் பொறுப்பேற்றிருந்தார். ரமோன் அவரிடமிருந்து அச்சுருளைப் பெற்று விண்வெளிக்குக் கொண்டு சென்று, அதன் வரலாற்றை அங்கிருந்தே உலகிற்கு எடுத்துரைத்தார். 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் கொலம்பியா சிதறியபோது, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரோடு அச்சுருளும் அழிந்தது. ஆனால் ரப்பி கேட்டுக்கொண்ட செயல் அதற்குள் நிறைவேறியிருந்தது.

முகாமின் அக்கொட்டடியில் ஆசிரியர் ஒருவர், மாணவன் ஒருவன், பாடம் ஒன்று, கேட்போர் சிலர் என்பன மட்டுமே இருந்தன. அவ்விழாவில் குறைவுபட்டது எதுவுமில்லை என்றே யூத மரபு கருதும்.

முடிவுரை

பார் மிட்ஸ்வா விழாவைத் திட்டமிடுதல் என்பது உண்மையில் ஒரு பாடத்திட்டத்தை வகுத்தலாகும் என்பது மேற்கண்ட செய்திகளால் பெறப்படுகிறது. அத்திட்டத்திற்குக் குறித்த நாள் உண்டு. குறித்த பாடம் உண்டு. பாடத்தை ஒலிக்கவும் பின்னர் பொருள் விளக்கவும் வேண்டும் எனும் இருவகைத் தேர்வு உண்டு. எல்லாவற்றினும் மேலாக, அத்தேர்வைக் கேட்பதற்கு ஒரு சபை உண்டு. பிள்ளை படிப்பது மதிப்பெண்ணுக்காக அன்று. தன் குரலுக்காகப் பெரியோர் எழுந்து நின்று காத்திருக்கும் ஓர் இடத்தில் நிற்பதற்காக.

தமிழைச் சிறுபான்மை மொழியாகக் கற்பிக்கும் நாம், நம் பிள்ளைகளுக்குப் பாடநூல்களைத் தந்துள்ளோம், தேர்வுகளையும் தந்துள்ளோம். ஒரு பிள்ளை முதன்முதலாக ஒரு பழம்பாடலைப் பிழையின்றிப் படித்து, அதன் பொருளைத் தன் சொற்களில் எடுத்துரைப்பதைக் கேட்பதற்கென்றே குடும்பமும் ஊரும் கூடும் நாளை அத்துணை உறுதியாக நாம் தந்திருக்கிறோமா என்பது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவாகும். அவ்வாறான நாளை ஏற்படுத்த முற்படுவோர், யூத மக்களின் பட்டறிவிலிருந்து ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே பெற்றுக்கொள்ளுதல் நலம். முதலில் ஆசிரியரை அமர்த்துக. மண்டபத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.